பின் சீட்டுக்கும் ஒரு தலை இருக்கிறது

விபத்துப் பிரிவில் வேலை பார்க்கும் எங்களுக்கு இந்தப் பேச்சு மனப்பாடம்: "வண்டி ஓட்டினது நான்தான் டாக்டர். எனக்கு ஒண்ணும் ஆகல. பின்னாடி உட்கார்ந்திருந்த அம்மாவுக்குத்தான் அடி." சொல்பவரின் கையில் ஹெல்மெட் இருக்கும். அம்மாவோ மனைவியோ ஸ்ட்ரெச்சரில் கிடப்பார், பின்மண்டையில் ரத்தம் உறைந்து முடியோடு ஒட்டியிருக்கும். எதில் மோதினீர்கள் என்று கேட்டால், எதிலும் மோதவில்லை என்பார்கள். வேகத்தடையில் வண்டி தூக்கிப் போட்டது, நாய் குறுக்கே வந்தது, பள்ளத்தில் இறங்கி ஏறியது, அவ்வளவுதான்.

பைக் பாதுகாப்பு என்று யார் பேசினாலும் ஓட்டுபவரிடம்தான் பேசுகிறார்கள். வேகமாகப் போகாதே, குடித்துவிட்டு ஓட்டாதே, செல்போனைத் தொடாதே. எல்லாம் சரி. ஆனால் நம் ஊரில் காலை எட்டரை மணிக்குப் போகும் வண்டிகளைப் பாருங்கள். பள்ளிக்கூடத்துக்குப் போகும் பிள்ளை, தாம்பரம் ஸ்டேஷனில் இறக்கிவிட வேண்டிய மனைவி, ஆஸ்பத்திரிக்குப் போகும் அம்மா என்று பின்னால் ஒருவர் இருப்பார். 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் ஏறக்குறைய 45 சதவீதம் பேர் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள். ஹெல்மெட் இல்லாமல் இறந்தவர்கள் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கணக்குக் காட்டியது 50,029 பேரை. அவர்களில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள்.

பின்னால் இருப்பவர் ஏன் அதிகம் விழுகிறார்? ஓட்டுபவருக்குப் பள்ளம் தெரியும். பிரேக்கைத் தொடுவதற்கு முன்பே அவருடைய கை இறுகிவிடும், முழங்கால் டேங்கைக் கவ்விவிடும். பின்னால் இருப்பவருக்கு எதிரே தெரிவது ஒரு முதுகு மட்டும். உடம்பு தயாராவதற்குள் குலுக்கல் வந்துவிடும். போதாததற்கு அவருடைய சீட் பின் சக்கரத்துக்கு நேர் மேலே இருக்கிறது. முன்னால் இருப்பவருக்கு லேசான ஆட்டமாகத் தெரிவது அவருக்குத் தூக்கிப் போடும் அடி.

ஒருக்களித்து உட்கார்ந்திருந்தால் இன்னும் மோசம். இரண்டு காலும் ஒரே பக்கம், கவ்விப் பிடிக்க முழங்காலுக்கு எதுவும் இல்லை, ஒரு கையில் பையோ குழந்தையோ. அப்படி இருப்பவர் பெரும்பாலும் மல்லாந்துதான் விழுவார். சீட்டில் உட்கார்ந்திருப்பவரின் தலை தரையிலிருந்து சுமார் ஐந்தடி உயரத்தில் இருக்கும். வண்டி நின்றுகொண்டிருந்தாலும்கூட, அந்த உயரத்திலிருந்து விழும் தலை மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் தரையில் மோதும். "மெதுவாகத்தான் போனோம்" என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் மெதுவாகப் போனதால் விழும் உயரம் குறைந்துவிடுவதில்லை.

பின்மண்டையில் அடிபட்டால் இன்னொரு விஷயமும் நடக்கும். மண்டை ஓடு சட்டென்று நிற்கிறது, உள்ளே மூளை நிற்பதில்லை, குலுங்குகிறது. அடி பின்னால் விழுந்தாலும் நெற்றிப் பக்கமும் காதோரப் பொட்டுப் பக்கமும்தான் மூளை நசுங்கி ரத்தம் கசிந்திருப்பதை சிடி ஸ்கேனில் அடிக்கடி பார்க்கிறோம். இவர்கள் உடனே மயங்க மாட்டார்கள். எழுந்து உட்காருவார்கள், தண்ணீர் கேட்பார்கள், "என்ன ஆச்சு? எங்க இருக்கோம்?" என்று திரும்பத் திரும்ப ஒரே கேள்வியைக் கேட்பார்கள். கூட வந்தவர்கள் அதைப் பயத்தில் பேசுவதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

வேகத்தடை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சாதாரண வளைந்த மேடு மாதிரியான வேகத்தடை, வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் இருக்க வேண்டும், மணிக்கு 25 கிலோமீட்டரில் போனால் உறுத்தாமல் கடக்கலாம் என்பது சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவு. நம் தெருக்களில் முளைப்பவற்றுக்கு இந்த அளவு எதுவும் தெரியாது. ஒரு விபத்து நடக்கும், மறுவாரம் மிச்சத் தாரைக் கொட்டி ஒரு மேட்டை எழுப்பிவிடுவார்கள். வெள்ளைக் கோடும் இருக்காது, முன்னறிவிப்புப் பலகையும் இருக்காது. அதை மாற்றுவது உங்கள் கையில் இல்லை. ஆனால் ஒன்று இருக்கிறது. முன் சக்கரம் மேட்டைத் தாண்டியதும் நாம் தன்னிச்சையாக ஆக்சிலரேட்டரை முறுக்குகிறோம். அப்போது பின் சக்கரம் இன்னும் ஏறியே இருக்காது. பின்னால் இருப்பவர் தூக்கி எறியப்படுவது பெரும்பாலும் அந்த நொடியில்தான். பின் சக்கரம் இறங்கிச் சாலையைத் தொட்ட பிறகு முறுக்குங்கள். அதற்கு முன் "ஸ்பீட் பிரேக்கர் வருது" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். இதற்குக் காசு பணம் எதுவும் தேவையில்லை.

இருபக்கமும் கால் போட்டு உட்காருங்கள் என்று எல்லோரிடமும் சொல்லிவிட முடியாது என்பது எனக்குத் தெரியும். புடவை கட்டிய அறுபத்தைந்து வயது அம்மாவிடம் அதைச் சொன்னால், சிரித்துவிட்டுப் போய்விடுவார். சுடிதாரோ பேண்டோ போடுகிறவர்கள் அப்படி உட்காரலாம், உட்கார வேண்டும். முடியாதவர்கள் ஒரு கையால் பின்னால் இருக்கும் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொள்ளட்டும், இன்னொரு கை ஓட்டுபவரின் இடுப்பைச் சுற்றி இருக்கட்டும். தோளைப் பிடிப்பது பிடிப்பே இல்லை, ஒரு குலுக்கலில் கை நழுவிவிடும். பை மடியில் வேண்டாம், முன்னால் கொக்கியில் மாட்டலாம். மழைக்கும் வெயிலுக்கும் குடை விரித்துப் பிடித்துக்கொண்டு போவதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். காற்று குடைக்குள் புகுந்தால் இழுக்கும் திசை பின்பக்கம்தான்.

கைப்பிடி, கால் வைக்கும் இடம், பின் சக்கரத்தில் பாதியாவது மறைக்கும் தடுப்பு, இந்த மூன்றும் எல்லா பைக்கிலும் இருந்தே ஆக வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆவது விதி சொல்கிறது. பின்னால் உட்காருபவரின் துணி சக்கரத்தில் சிக்கக் கூடாது என்பதற்காகவே அந்தத் தடுப்பு என்று காரணத்தையும் விதியிலேயே எழுதியிருக்கிறார்கள். நாம் சாரி கார்டு என்று சொல்வது அதைத்தான். வண்டி வாங்கிய வாரமே 'லுக்' கெடுகிறது என்று அதைக் கழற்றிப் பரணில் போடுகிற பையன்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். ஸ்டைல் அவர்களுக்கு, விலை கொடுப்பது தங்கச்சியோ அம்மாவோ.

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டியின் சக்கரம் நொடிக்குப் பதினோரு மீட்டர் தூரம் உருள்கிறது. இரண்டரை மீட்டர் துப்பட்டா டயரில் சிக்கினால் கால் நொடிகூடத் தேவையில்லை, முழுவதும் உள்ளே போய்விடும். கழுத்தைச் சுற்றிப் போட்டிருந்தால் அது கழுத்தைத்தான் இறுக்கும். 1927-ல் பிரான்சின் நீஸ் நகரில் இசடோரா டங்கன் என்ற புகழ்பெற்ற நடனக் கலைஞர் இப்படித்தான் இறந்தார், திறந்த காரின் சக்கரத்தில் அவருடைய நீளமான கழுத்துத் துணி சுற்றிக்கொண்டது. மருத்துவ இதழ்களில் இந்த வகைக் காயத்துக்கு இன்றும் அவர் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே அபூர்வம், இங்கே அப்படி இல்லை. துப்பட்டாவை முன்பக்கமாகக் கொண்டுவந்து இடுப்பில் முடிந்துகொள்ளுங்கள், இல்லை மடித்துப் பைக்குள் வையுங்கள். முந்தானையை இழுத்துச் செருகுங்கள். புர்கா, ரெயின்கோட் எதுவானாலும் இதே கதைதான்.

துப்பட்டா இழுபட்டுத் தப்பித்தவர்கள் கழுத்தில் ஒரு சிவந்த கோடு மட்டும் இருக்கிறதே என்று வீட்டுக்குப் போய்விடக் கூடாது. குரல் கம்மினாலோ, எச்சில் விழுங்கும்போது வலித்தாலோ, கழுத்துத் தோலைத் தொட்டால் நறநறவென்று இருந்தாலோ குரல்வளை உடைந்திருக்கலாம். மூச்சுப் பாதை வீங்குவதற்கு நேரம் எடுக்கும், உடனே வந்துவிடுங்கள்.

இனி குழந்தைகள். ஸ்கூட்டரில் அப்பாவின் காலுக்கு நடுவே நிற்கும் பிள்ளைக்கு, பிரேக் அடித்தால் பல்லும் நெற்றியும் ஹேண்டில்பாரில்தான் மோதும். சிக்னலில் நிற்கும்போது விளையாட்டாக ஆக்சிலரேட்டரைத் திருகி வண்டியைப் பாய வைத்த பிள்ளைகளும் உண்டு. பைக்கில் டேங்க் மேல் உட்கார வைத்தால் மோதலில் அப்பாவின் முழு எடையும் பிள்ளையின் முதுகில் வந்து விழும், வயிறு ஹேண்டில்பாரில் நசுங்கும். வெளியே ஒரு கீறல்கூட இருக்காது, உள்ளே கல்லீரலோ மண்ணீரலோ கிழிந்திருக்கும்.

அதிகம் வருவது என்னவோ கால்தான். பின்னால் உட்கார்ந்த பிள்ளையின் கால் ஃபுட்ரெஸ்ட்டை எட்டாது, தொங்கும், தூக்கம் வந்தால் இன்னும் உள்ளே போகும். ஓடும் சக்கரத்தின் ஸ்போக்ஸுக்கும் வண்டிக் கம்பிக்கும் நடுவே குதிகால் மாட்டிக்கொள்ளும். இப்படி நடந்தால் காலை வெளியே இழுக்காதீர்கள். சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்றியும் பார்க்காதீர்கள், தோல் இன்னும் உரியும். எஞ்சினை அணைத்து வண்டியை அசையாமல் பிடித்துக்கொண்டு, பக்கத்துக் கடையில் இருந்து கட்டிங் பிளேயர் வாங்கி ஸ்போக்ஸை வெட்டுங்கள், அலாய் வீல் என்றால் மெக்கானிக்கை வரச் சொல்லிச் சக்கரத்தைக் கழற்றுங்கள். சுத்தமான துணியைச் சுற்றி அழைத்து வாருங்கள். மஞ்சள், காபித்தூள், டூத் பேஸ்ட் எதுவும் வேண்டாம். இந்தக் காயம் ஏமாற்றும். முதல் நாள் தோல் நன்றாகத்தான் இருக்கும், எக்ஸ்ரேயில் எலும்பும் முறிந்திருக்காது. நசுங்கிய தோலுக்கு ரத்த ஓட்டம் நின்று நாலைந்து நாளில் கறுத்துப் போகும். அதனால்தான் மூன்றாம் நாள் திரும்ப வரச் சொல்கிறோம். வலி குறைந்துவிட்டது என்று வராமல் இருந்துவிட்டு, பிறகு தோல் மாற்று அறுவை சிகிச்சை வரை போகிறவர்கள் உண்டு. பிள்ளைக்குச் செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். சக்கரத்தின் இருபக்கமும் தடுப்பு வையுங்கள்.

ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையான குழந்தையை பைக்கில் ஏற்றினால் ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பெல்ட்டும் தலைக்கு ஹெல்மெட்டும் வேண்டும், மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்று 2022-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்து, 2023 பிப்ரவரியிலிருந்து நடைமுறைக்கு வந்தது. எந்தப் பள்ளிக்கூட வாசலிலாவது இதைக் கேட்டுப் பாருங்கள், பத்தில் ஒருவருக்காவது தெரிந்திருந்தால் எனக்கு ஆச்சரியம்தான். அந்தச் சின்னத் தலைக்குச் சைக்கிள் ஹெல்மெட்டே போதும், விதியும் அதை ஏற்கிறது.

பெரியவர்களுக்கு வருவோம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆவது பிரிவு நான்கு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்கிறது, ஓட்டுகிறவரா பின்னால் இருக்கிறவரா என்று பார்ப்பதில்லை. மீறினால் 1,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் லைசென்ஸ் முடக்கம். சரியான ஹெல்மெட் தலைக்காயத்தை 69 சதவீதமும் மரணத்தை 42 சதவீதமும் குறைக்கிறது என்று உலகம் முழுவதும் நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் ஆய்வு சொல்கிறது. தெரியாமல் யாரும் விடவில்லை. கொண்டை போட்டிருக்கிறேன், பூ நசுங்கும், வியர்க்கும் என்பார்கள். எனக்கு நியாயமாகப் படும் காரணம் ஒன்றே ஒன்றுதான்: "ஸ்டேஷன்ல இறங்கினதும் அதை எங்க வச்சுக்கிறது?" ரயிலில் நெரிசலில் ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு யார் போவது? அதற்கு வழி, ஹெல்மெட் மனைவியோடு போக வேண்டாம், வண்டியோடு போகட்டும். சீட்டுக்கு அடியில் மாட்டும் கொக்கி இருக்கிறது, இல்லாத வண்டிக்கு ஒரு சின்ன கேபிள் பூட்டு வாங்கினால் போதும். சாயங்காலம் அதே வண்டிதானே கூப்பிட வரப்போகிறது.

போலீஸுக்குக் காட்டுவதற்காக இருநூறு ரூபாய் பிளாஸ்டிக் தொப்பியை வாங்கிப் பின்னால் இருப்பவரிடம் கொடுக்கும் வழக்கமும் இருக்கிறது. உள்ளே தெர்மோகோல் போன்ற தடித்த திண்டு இல்லை என்றால் அது ஹெல்மெட்டே இல்லை. ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 4151 என்ற எண்ணும் இருக்கிறதா பாருங்கள். தாடைக்குக் கீழே பட்டை மாட்டாத ஹெல்மெட் தலைக்கு முன்பே தரைக்குப் போய்ச் சேரும்.

ஆள் ஏற்றினால் பின் டயருக்குக் காற்று கூடுதலாக வேண்டும். செயின் கவரிலோ வண்டிப் புத்தகத்திலோ தனியாகப் போவதற்கும் இருவர் போவதற்கும் வெவ்வேறு அளவு போட்டிருக்கும், அதைப் பாருங்கள்.

விழுந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். உட்கார வைத்துச் சோடா கொடுக்காதீர்கள். கழுத்தை அசைக்காமல் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். ஹெல்மெட் போட்டிருந்து மூச்சு சீராக இருந்தால் கழற்றாமலே விடுங்கள், கழற்றியே ஆக வேண்டும் என்றால் ஒருவர் கழுத்தைத் தாங்கிக்கொள்ள இன்னொருவர் கழற்ற வேண்டும். தெரியாதவரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் போலீஸுக்குப் பயப்படத் தேவையில்லை, மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அவர்களுக்குப் பாதுகாப்புத் தருகிறது, பெயரைக்கூடச் சொல்லக் கட்டாயம் இல்லை. பணத்துக்காகவும் தயங்க வேண்டாம். 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், அரசு மருத்துவமனைகளிலும் திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை.

ஸ்கேன் எடுத்து வீட்டுக்கு அனுப்பிய பிறகும் அன்றிரவு யாராவது பக்கத்தில் இருங்கள். திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினாலும் எழாத தூக்கம், சொன்னதையே சொல்வது, காதிலோ மூக்கிலோ தண்ணீர் மாதிரி ஒழுகுவது, ஒரு கை அல்லது கால் வலுவிழப்பது, இதில் எது வந்தாலும் காலை வரை காத்திருக்காமல் கிளம்புங்கள். வயதானவர்கள் விஷயத்தில் இன்னும் ஒன்று. ஸ்டென்ட் வைத்தவர்கள், பக்கவாதம் வந்தவர்கள் பலர் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுவார்கள். அவர்களுக்கு மூளையில் மெல்லக் கசிவு ஏற்பட்டு ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்துக்கூடத் தலைவலியும் தள்ளாட்டமும் வரலாம். அந்த மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்து வாருங்கள், கேஷுவால்டியில் நுழைந்ததும் முதலில் அதைக் காட்டுங்கள்.