மஞ்சள் பையை அமுக்காதீர்கள்

2021 மே, கொரோனா இரண்டாம் அலை. நான் தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியராக இருந்த மருத்துவமனையில், எரிஉலைக்குப் போக வேண்டிய தொற்றுக் கழிவைப் போடும் மஞ்சள் பைகள் பின்வாசல் வரை குவிந்து கிடந்தன. தூய்மைப் பணியாளர் அக்கா ஒருவர், பையின் வாய் மூடவில்லையே என்று காலால் அமுக்கினார். உள்ளே யாரோ போட்டிருந்த ஊசி செருப்பைத் துளைத்து உள்ளங்காலில் ஏறிவிட்டது.

"பரவாயில்ல சிஸ்டர், சின்ன ஊசிதான்" என்றார். எனக்குத்தான் கை நடுங்கியது. காயத்தைப் பிதுக்க விடாமல், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவ வைத்தேன். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை முடிந்தால் 2 மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும். மருந்து கிடைத்தது. ஆனால் ரத்தம் வழியாகப் பரவும் கல்லீரல் நோயான ஹெபடைட்டிஸ் பி-க்கான தடுப்பூசி அவருக்கு அதுவரை போடப்படவே இல்லை. கழிவைக் கையாளுபவர்களுக்கு அதைப் போட்டாக வேண்டும் என்று 2016 மருத்துவக் கழிவு விதிகளே சொல்கின்றன. இன்றும் இதை நினைத்தால் மனது ஆறவில்லை.

அந்தப் பை ஏன் அப்படிப் பிதுங்கியது? பயம்தான் காரணம். கொரோனா வார்டிலிருந்து வருவதெல்லாம் விஷம் என்று சாப்பாட்டு மிச்சம், தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் மஞ்சள் பையில் திணித்தார்கள். நோயாளியின் சளி, ரத்தம் படாத பொதுக் குப்பையை அதில் சேர்க்கக் கூடாது என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-லேயே சொல்லிவிட்டது. எரிஉலையின் முதல் அறையில் சுமார் 800 டிகிரி, இரண்டாவதில் 1050 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். ஈரச் சோறும் குழம்பும் போனால் சூடு இறங்கும், அரைகுறையாக எரிந்து நச்சுப் புகை வரும். ஊசிக்கோ துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டி தனியாகவே இருக்கிறது.

சரி, பையை எப்படிக் கட்டுவது? முக்கால்வாசி நிறைந்ததும் நிறுத்துங்கள். காற்றை அமுக்கி வெளியேற்ற வேண்டாம், அது நேராக முகத்தில்தான் அடிக்கும். கழுத்தை முறுக்கி, மடித்துக் கட்டி, இரண்டாவது பைக்குள் வையுங்கள். தூக்கும்போது கழுத்தைப் பிடித்து, உடம்பில் படாமல் தூக்குங்கள். அப்புறம், தொட்டியையும் தள்ளுவண்டியையும் தினமும் 1 சதவீத ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற கிருமிநாசினி) கரைசலால் துடைக்க வேண்டும். 5 சதவீத ஹைப்போ ஒரு பங்குக்குத் தண்ணீர் நான்கு பங்கு, அன்றன்று புதிதாகக் கலக்க வேண்டும்.

வீட்டில் இன்சுலின் போடுகிறவர்கள் ஊசியைக் குப்பைக் கவரில் வீசாமல், கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி வையுங்கள். அதை எடுக்க வருபவரும் யாரோ ஓர் அக்காதான்.

ஆறு மாதம் கழித்து எடுத்த பரிசோதனையிலும் அவருக்கு ஒன்றும் இல்லை. அதன் பிறகு பை முக்கால் நிறைந்ததுமே வார்டு வாசலில் வந்து நிற்பார்: "சிஸ்டர், வேற பை குடுங்க."