எஸ்எஸ்என் என்பது அமெரிக்க ஆதார் இல்லைங்க

போன வாரம் பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒருவர் ஆபீசுக்கு வந்தார். தக்காளி போடுகிறவர், பத்து வருடமாக அவர் வீட்டு வரிக் கணக்கு நான்தான் பார்க்கிறேன். பையன் ஹெச்-1பி வேலை விசாவில் அமெரிக்காவில் டெக்சாஸ் போய் ஆறு நாள் ஆகிறது. கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். உள்ளே பையனுடைய பாஸ்போர்ட் ஜெராக்ஸ் மூன்று செட், பக்கத்துக்குப் பக்கம் நோட்டரி சீல்.

"சார், பையனுக்கு அமெரிக்க ஆதார் எடுக்கணுமாம். ஏஜென்ட் 18,000 கேட்டான், பாதி கட்டிட்டேன். அது இல்லேன்னா வேலையில சேர விடமாட்டாங்களாமே?"

ஒரு மூச்சில் மூன்று தப்பு. அவர் சொன்னது எஸ்எஸ்என் என்கிற அமெரிக்க எண்ணை. அது ஆதார் இல்லை, அதற்குக் காசு இல்லை, அது வராவிட்டாலும் வேலையில் சேரலாம். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கு அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் இதே கதையோடு கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் எத்தனை பேர் வந்துவிட்டார்கள் என்று எண்ணுவதையே நான் நிறுத்திவிட்டேன். அதனால் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இந்த 'அமெரிக்க ஆதார்' என்ற பேச்சை விட்டுவிடுவோம். பாதிச் சிக்கல் அந்தப் பெயரிலிருந்துதான் வருகிறது. ஆதார் என்றால் கைரேகை, கருவிழி, போட்டோ எல்லாம் எடுத்து 'இவர்தான் இவர்' என்று சொல்கிற அட்டை. எஸ்எஸ்என், அதாவது சோஷியல் செக்யூரிட்டி நம்பர், அப்படி எதையும் சொல்லாது. அந்த அட்டையைப் பார்த்திருக்கிறீர்களா? சின்னக் காகிதம், அதில் பெயர், ஒன்பது இலக்க எண், கையெழுத்துப் போட ஒரு கோடு. போட்டோ இல்லை, பிறந்த தேதி இல்லை, முகவரி இல்லை. 1935-ல் அங்கே முதியோர் ஓய்வூதியத்துக்குச் சட்டம் போட்டார்கள். யார் எவ்வளவு சம்பாதித்தார், அவர் பெயரில் எவ்வளவு பிடித்தார்கள் என்று கணக்கு வைக்க ஒரு எண் தேவைப்பட்டது, 1936 நவம்பரில் கொடுக்க ஆரம்பித்தார்கள். இன்றைக்கும் சம்பளத்தில் 6.2 சதவீதம் சோஷியல் செக்யூரிட்டி, 1.45 சதவீதம் மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) என்று பிடித்து இந்த எண்ணில்தான் வரவு வைக்கிறார்கள், முதலாளியும் அதே அளவு போடுகிறார். நம்மூரில் இதற்குச் சொந்தக்காரன் யார் என்றால் பி.எஃப். யுஏஎன் நம்பர்தான். கூடவே பான் கார்டு வேலையும் கொஞ்சம் பார்க்கிறது. (பிடித்த அந்தப் பணம் திரும்ப வருமா என்று அடுத்த கேள்வி கேட்பீர்கள். இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் அதற்கான ஒப்பந்தம் இல்லை, பென்ஷன் தகுதிக்குப் பொதுவாகப் பத்து வருட உழைப்பு வேண்டும். அது தனிப் புலம்பல், இன்னொரு நாள்.)

1946-லிருந்து 1972 வரைக்கும் அந்த அட்டையிலேயே 'அடையாளத்துக்கு அல்ல' என்று அச்சடித்துக் கொடுத்தார்கள். அப்படியும் மக்கள் கேட்கவில்லை. அந்த அச்சுக்கு முன்பே இந்தக் கூத்து உண்டு: 1938-ல் ஒரு பர்ஸ் கம்பெனி, கார்டு எப்படி உள்ளே உட்காரும் என்று காட்ட மாதிரி அட்டை ஒன்றை ஒவ்வொரு பர்சிலும் வைத்து விற்றது, அதில் தன் கம்பெனியில் வேலை செய்த ஒரு பெண்ணின் உண்மையான எண்ணையே போட்டுவிட்டது. பர்ஸ் வாங்கியவர்கள் பல ஆயிரம் பேர் அதைத் தங்கள் எண் என்றே வருடக்கணக்கில் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஜெராக்ஸ் மோகம் நமக்கு மட்டும் இல்லை என்று ஆறுதல்பட்டுக்கொள்ளலாம்.

வேலை விஷயத்துக்கு வருகிறேன். வேலை பார்க்க அனுமதி தருவது விசா நிலை, எஸ்எஸ்என் இல்லை. ஹெச்-1பியில் போனவருக்குப் பாஸ்போர்ட்டும் ஐ-94 என்கிற நாட்டுக்குள் நுழைந்த பதிவும் போதும், கம்பெனி அதைப் பார்த்தே சேர்த்துக்கொள்ளும். எண் வரும்வரை சம்பளப் படிவத்தில் 'விண்ணப்பித்திருக்கிறார்' என்று போடுவார்கள், வந்த பிறகு கொண்டுபோய்க் கொடுத்தால் சரி. இன்னும் சொல்லப்போனால் இவர்களுக்கு வருகிற அட்டையில், 'உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் அனுமதி இருந்தால் மட்டுமே வேலைக்குச் செல்லும்' என்று ஆங்கிலத்தில் அச்சாகியே வரும். அதை நீட்டி 'எனக்கு வேலை செய்ய உரிமை இருக்கிறது' என்று நிரூபிக்கவே முடியாது. இதற்காகத்தான் ஒரு அப்பா தக்காளி விற்ற காசை எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

இங்கிருந்து யாராலும் இதை வாங்கித் தர முடியாது. பன்னிரண்டு வயதோ அதற்கு மேலோ ஆகி முதல்முறை எண் கேட்பவர் அங்கே இருக்கும் சோஷியல் செக்யூரிட்டி ஆபீசுக்குத் தானே நேரில் போக வேண்டும். படிவத்தின் பெயர் எஸ்எஸ்-5, கட்டணம் பூஜ்யம். (கிரீன் கார்டு விசாவில் குடியேறுகிறவர்கள் விசா படிவத்திலேயே கேட்டுக்கொள்ளலாம். அதற்கும் தனிக் காசு இல்லை.) அப்புறம் அந்த நோட்டரி ஜெராக்ஸ். அங்கே அசல்தான் கேட்பார்கள், நோட்டரி சீல் போட்ட நகலை வாங்கவே மாட்டார்கள். நம் தாலுகா ஆபீஸ் பழக்கத்தில் மூன்று செட் அட்டெஸ்ட் பண்ணி அனுப்புவது வீண் செலவு.

அவர் முன்னாலேயே பையனுக்கு வாட்ஸ்அப்பில் போன் போட்டேன். இங்கே காலை பதினொன்று, அங்கே நடுராத்திரி தாண்டியிருக்கும், ஆனால் தூக்கம் பிடிக்காமல் விழித்துக்கொண்டுதான் இருந்தான். "ஐயோ அப்பா, அது ஃப்ரீப்பா, எங்க எச்ஆர் முதல் நாளே சொல்லிட்டாங்க. உங்களை யார் கட்டச் சொன்னது?" பையனைக் கேட்கவேண்டும் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

போகிறவர்களுக்கு நான் சொல்வது. போய் இறங்கியதும் முதல் வேலையாக ஐ-94ஐ இணையத்தில் எடுத்துப் பெயரும் தேதியும் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். தப்பு இருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள், பிறகுதான் எஸ்எஸ்என். இறங்கின மறுநாளே ஓடாதீர்கள், பத்து நாள் பொறுத்துப் போனால் குடியேற்றத் துறையின் பதிவு ஏறியிருக்கும், சரிபார்ப்பு இழுக்காது. அந்த ஆபீசில் உங்கள் விவரத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றியதும் ஒருமுறை எழுத்தெழுத்தாகப் பார்த்துவிடுங்கள், ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அட்டை தபாலில் வரும், பெரும்பாலும் இரண்டு வாரம், சரிபார்ப்பு தாமதமானால் இன்னும் சில வாரம். நண்பர்களோடு தங்கியிருந்தால் அந்த வீட்டுத் தபால் பெட்டியில் உங்கள் பெயரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஒட்டுங்கள். பெட்டியில் பெயர் இல்லாததால் திரும்பிப்போன அட்டைகளின் கதை எனக்கே இரண்டு தெரியும்.

பெயர் விஷயம்தான் நம் ஆட்களைப் பாடாய்ப் படுத்துகிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதல் எழுத்து இனிஷியல். பாஸ்போர்ட்டில் 'சர்நேம்' கட்டத்தைக் காலியாக விட்டுவிடுகிறோம். அமெரிக்க விசாவில் அந்தக் காலி இடம் சும்மா இருக்காது. உங்கள் பெயர் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய்விடும், முதல் பெயர் இடத்தில் 'எஃப்என்யு' என்று விழும், 'முதல் பெயர் தெரியவில்லை' என்று அர்த்தம். அது ஐ-94க்கும் போகும், அங்கிருந்து எங்கெல்லாம் போகுமோ அங்கெல்லாம் போகும். பெற்று, பெயர் வைத்து, காது குத்திய பிள்ளைக்கு 'பெயர் தெரியவில்லை' என்று பேங்கிலிருந்து கடிதம் வரும். விசாவுக்குப் போகும் முன்பே இனிஷியலை விரித்து, அப்பா பெயரை சர்நேமாகப் போட்டுப் பாஸ்போர்ட்டைச் சரிசெய்துகொள்ளுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன், இதை மட்டுமாவது செய்யுங்கள்.

ஓசூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இன்னொரு பயம். கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது 2004-ல்தான், அதற்கு முன் பிறந்தவர்களின் சான்றிதழில் தருமபுரி மாவட்டம் என்று இருக்கும். 'இதனால் எஸ்எஸ்என் கிடைக்காதா சார்?' என்று கேட்கிறார்கள். பாஸ்போர்ட்டில் பிறந்த ஊர் என்ன இருக்கிறதோ அதையே எழுதுங்கள். மாவட்டத்தைப் பற்றி அங்கே யாருக்கும் கவலை இல்லை.

மருமகளுக்கும் சேர்த்து எடுத்துவிடலாம் என்று வருகிறவர்களுக்கு: ஹெச்-4 விசாவில் போகிற மனைவிக்கு வேலை அனுமதி இல்லாதவரை பொதுவாக எஸ்எஸ்என் கிடைக்காது. கணவரோடு சேர்த்து வரி தாக்கல் செய்ய ஐடிஐஎன் என்று வேறு எண் இருக்கிறது, டபிள்யூ-7 படிவம், 9-ல் தொடங்கும், வரிக்கு மட்டும்தான் உதவும். 'அவளுக்கு ஏன் வரலை' என்று வீட்டில் சண்டை போடாதீர்கள்.

அட்டை வந்த பிறகு நடப்பதுதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஆதாரை லேமினேட் செய்து, பத்து ஜெராக்ஸ் எடுத்து, சிம் கடை முதல் லாட்ஜ் வரை கொடுத்துப் பழகிய கை அல்லவா? அங்கே உங்கள் பெயர், பிறந்த தேதி, இந்த எண் மூன்றும் ஒருவன் கையில் கிடைத்தால் உங்கள் பெயரில் கடன் வாங்கிவிட முடியும், ஓடிபி கேட்டு யாரும் உங்களை எழுப்பமாட்டார்கள். எண்ணை மனப்பாடம் செய்துவிட்டு அட்டையை வீட்டில் பூட்டி வையுங்கள். லேமினேட் வேண்டாம், அச்சிலிருக்கும் பாதுகாப்புக் குறிகளைச் சோதிக்க முடியாமல் போகும். தொலைத்தால் மாற்று அட்டை தருவார்கள், ஆனால் வருடத்துக்கு 3, வாழ்நாளுக்கு 10 என்று பொதுவாக வரம்பு உண்டு. 'உங்கள் எஸ்எஸ்என் முடக்கப்பட்டுவிட்டது, கிஃப்ட் கார்டு வாங்கி நம்பர் சொல்லுங்கள்' என்று போன் வந்தால் வையுங்கள் போனை. எஸ்எஸ்என்னை முடக்குவது என்று ஒன்று கிடையவே கிடையாது. நம்மூர் 'டிஜிட்டல் அரெஸ்ட்' ஆட்களின் பங்காளிகள் அவர்கள்.

போன மாதம் ஒரு அம்மா, மகள் அட்டை வந்த சந்தோஷத்தில் அதன் படத்தை எனக்குக் காட்டினார். எங்கிருந்து வந்தது தெரியுமா? 84 பேர் இருக்கும் குலதெய்வக் கோயில் வாட்ஸ்அப் குழுவிலிருந்து. கீழே 'வாழ்த்துகள்' என்று வரிசையாக 31 பதில். உங்கள் வீட்டுக் குழுவிலும் அப்படி ஒன்று கிடந்தால், போட்டவரிடம் சொல்லி 'எல்லோருக்கும் அழி' என்பதை இன்றைக்கே அழுத்தச் சொல்லுங்கள். நேரம் கடந்து அது முடியவில்லை என்றால், மகளை அங்கே கடன் வரலாறு வைத்திருக்கும் ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்ற மூன்று கம்பெனியிலும் கிரெடிட்டை ஃப்ரீஸ் செய்து, அதாவது அவள் பெயரில் யாரும் புதுக் கடன் வாங்க முடியாதபடி பூட்டி வைக்கச் சொல்லுங்கள். அதுவும் இலவசம்தான், அதற்கும் ஏஜென்ட் வேண்டாம்.