முதிர்வு அட்டவணையைப் பார்த்தீர்களா?

ஒரு நிறுவனத்தின் கடன் அபாயத்தை அளக்க உட்காருபவர்கள் முதலில் தேடுவது கடன்-பங்கு விகிதத்தை, அதாவது உரிமையாளர்களின் பணத்தோடு ஒப்பிட்டால் கடன் எவ்வளவு என்பதை. அதைவிட அதிகம் சொல்வது நிதிநிலை அறிக்கையின் பின்குறிப்பில் ஒளிந்திருக்கும் முதிர்வு அட்டவணை. எந்தக் கடன் எந்த ஆண்டு முதிர்கிறது, அதாவது அசலைத் திருப்பிக் கட்ட வேண்டும், எதற்கு நிலையான வட்டி, எதற்கு மாறும் வட்டி என்று அதில் இருக்கும். மத்திய வங்கி ஏற்றிய வட்டி எப்போது நிறுவனத்தின் தலையில் இறங்கும் என்பதை அதிலிருந்தே கணக்கிடலாம்.

கடன் 1,000, சராசரி வட்டி 5 சதவீதம், வட்டிக்கும் வரிக்கும் முந்தைய லாபம் 120 என்று வையுங்கள். வட்டி 50, லாபம் அதைப்போல் 2.4 மடங்கு. அதே கடனை 9 சதவீதத்தில் புதுப்பித்தால் வட்டி 90, விகிதம் 1.33. கூடவே லாபம் கால்பங்கு சரிந்தால் 90-க்கு 90. கடன் ஒரு காசும் கூடவில்லை. ஆனால் அசலைக் கட்ட எதுவும் மிஞ்சவில்லை.

மாறும் வட்டிக் கடனில் இந்த அடி பெரும்பாலும் சில மாதங்களில் விழுந்துவிடும். நிலையான வட்டிப் பத்திரத்தில் முதிர்வு வரை தெரியாது. 2022 மார்ச் தொடக்கத்தில் பூஜ்யத்தை ஒட்டியிருந்த அமெரிக்க மத்திய வங்கியின் வட்டி 2023 ஜூலையில் 5.25–5.50 சதவீதத்தைத் தொட்டது. பெரிய நிறுவனங்கள் பல அசையாமல் நின்றதற்குக் காரணம், 2020, 2021-இல் மலிவாக நீண்டகாலக் கடன் எடுத்து வைத்திருந்தது. தரமதிப்பீடு குறைந்த, மாறும் வட்டியில் வாங்கியவைதான் முதலில் திணறின.

வட்டியைக் குறைத்தால் சரியாகிவிடுமா? எப்போதும் இல்லை. மந்த காலத்தில் அடிப்படை வட்டி 2 சதவீதப் புள்ளி இறங்க, கடன் கொடுப்பவர் அபாயத்துக்காக மேலே கேட்கும் கூடுதல் வட்டி 3 புள்ளி ஏறினால், நிறுவனம் கட்டுவது முன்பைவிட அதிகம். அந்தக் கூடுதலை மத்திய வங்கியின் வாக்குறுதியே இறக்கிய சந்தர்ப்பமும் உண்டு. 2020 மார்ச் 23 அன்று நிறுவனக் கடன் பத்திரங்களை வாங்கப்போவதாக அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் அறிவித்தது. ஒரு பத்திரம்கூட வாங்குமுன்பே சந்தை தெளிந்தது. 75,000 கோடி டாலர் வரை வாங்க அமைத்த திட்டத்தில் கடைசியில் சுமார் 1,400 கோடிதான் செலவானது. ஆனால் இது பணமுடைக்கு மருந்து. நஷ்டத்தில் ஓடும் தொழிலுக்கு அல்ல.

எனவே அடுத்த 24 மாத முதிர்வுகளைக் கூட்டி, கையிருப்போடு ஒப்பிடுங்கள். அடகில் உள்ள, துணை நிறுவனங்களில் முடங்கிய பணத்தைக் கழித்துவிட வேண்டும். எடுக்காமல் வைத்திருக்கும் வங்கிக் கடன் வரம்பை நம்புமுன் ஒப்பந்த நிபந்தனைகளைப் படியுங்கள். ஒப்பந்தத்தில் வைத்த கடன் விகித வரம்பு மீறப்பட்டால், அதாவது பணம் தேவைப்படும் நேரம் பார்த்து, அந்தக் கதவு மூடிக்கொள்ளும்.

இன்னொன்று: ஆண்டின் வட்டிச் செலவைச் சராசரிக் கடனால் வகுத்துப் பாருங்கள். நிறுவனம் அறிவித்த வட்டி விகிதத்தைவிட வெகு அதிகமாக வந்தால், ஆண்டிறுதிக்கு மட்டும் கடனை இறக்கிக் காட்டியிருக்கிறார்களா என்று சந்தேகிக்கலாம். வெகு குறைவாக வந்தால், வட்டியில் ஒரு பகுதி ஆண்டுச் செலவாகக் காட்டப்படாமல், கட்டி வரும் திட்டத்தின் செலவில் ஏற்றப்பட்டிருக்கலாம். உண்மையில் கட்டிய வட்டி பணப்பாய்வு அறிக்கையில் இருக்கும்.