செயின் தாவுதா? அந்த ரெண்டு ஸ்க்ரூவை விட்டுடுங்க

இந்த வாரமும் ஒன்று வந்துவிட்டது. ஆர்டி (கியர் மாற்றும்போது செயினைப் பல்லுக்குப் பல் நகர்த்தும் பின்பக்கக் கருவி) ஸ்போக்குக்குள் புகுந்து, அதைத் தாங்கும் ஹேங்கர் முறிந்து, பின்சக்கரமே கோணிப்போய், சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு கடைக்குள் வந்தார் ஒரு தம்பி. "சின்னப் பிரச்சினைதாண்ணே. செயின் கியர் விட்டுக் கியர் தாவிக்கிட்டே இருந்துச்சு. வீடியோ பாத்து நானே டியூன் பண்ணேன்." என்ன பண்ணினார் என்று கேட்கவே தேவையில்லை. ஆர்டியில் இருக்கும் இரண்டு ஸ்க்ரூவின் தலையும் தேய்ந்து வழுக்கிக் கிடந்தது.

எச், எல் என்று எழுதியிருக்குமே, அந்த இரண்டு ஸ்க்ரூதான். செயின் தாவினால் அதைத் திருகவேண்டும் என்று யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியவில்லை, பினாங்கு முழுக்கப் பரவிக் கிடக்கிறது. கதவு சுவரில் இடிக்காமலிருக்கத் தரையில் ஒரு கட்டை அடித்து வைப்போம் இல்லையா? இவை அந்தக் கட்டைதான். எச் ஸ்க்ரூ, செயின் ஆகச் சின்னப் பல்லை, அதாவது பல்சக்கரத்தைத் தாண்டி வெளியே விழாமல் தடுக்கும். எல் ஸ்க்ரூ, ஆகப் பெரிய பல்லைத் தாண்டி ஸ்போக் பக்கம் போகாமல் தடுக்கும். வேலை அவ்வளவே. உங்கள் காசெட்டில் (பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கில்) 9 பல் இருந்தால் முதலாவதற்கும் கடைசிக்கும் மட்டுந்தான் இவற்றோடு சம்பந்தம். நடுவில் இருக்கும் 7 பல்லிலும் செயின் எங்கே நிற்கவேண்டும் என்பதில் இந்த ஸ்க்ரூக்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. நாலாவது கியரில் தாவுகிறது என்று எல் ஸ்க்ரூவைத் தளர்த்துகிறீர்கள். நாலாவது கியர் அப்படியேதான் இருக்கும். ஆனால் அடுத்த முறை ஏற்றத்தில் பெரிய பல்லுக்கு மாற்றும்போது ஆர்டி நிற்காமல் நேரே ஸ்போக்குக்குள் போகும். சைக்கிளில் இருந்து ஆர்டியை யாரும் கழற்றாமல், மாற்றாமல், சக்கரம் மாற்றாமல் இருந்தால், ஒருமுறை சரியாக வைத்த ஸ்க்ரூ தானாக மாறாது. தொடாதீர்கள்.

நடுக் கியர்களுக்குப் பொறுப்பு கேபிள். ஆர்டிக்குள் கேபிள் நுழையும் இடத்தில் கையால் திருகும் சின்ன உருளை ஒன்று இருக்கும். சில மலைச் சைக்கிள்களில் ஷிஃப்டரிலேயே (ஹேண்டில்பாரில் கியர் மாற்றும் பிடியிலேயே) இருக்கும். பெரிய பல்லுக்கு ஏறத் தயங்கினால் கேபிள் தளர்ந்திருக்கிறது: பின்னாலிருந்து பார்த்து, கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கமாகக் கால் சுற்று. சின்னப் பல்லுக்கு இறங்கத் தயங்கினால் மறுபக்கம் கால் சுற்று. திருகுங்கள், பெடலைச் சுற்றுங்கள், கியர் மாற்றிப் பாருங்கள், பிறகு அடுத்த கால் சுற்று. புதுச் சைக்கிள் வாங்கிய முதல் சில வாரங்களில் தாவினால் பெரும்பாலும் இதுதான். கேபிளும் உறையும் படிந்து அமர்வதால் வரும் தளர்ச்சி.

உருளையைத் திருகியும் ஒருநாள் சரி, மறுநாள் மோசம் என்றால் கேபிள் உறைக்குள் துரு. குயின்ஸ்பே பக்கம் கடலோரமாகவே ஓட்டி, மாலை மழையில் நனைந்து, அப்படியே ஐந்தடியில் (கடை முன் நடைபாதையில்) சாத்தி வைக்கிறவர்களுக்கு இது கட்டாயம் வரும். எண்ணெய் ஊற்றிப் பிழைக்க வைக்கப் பார்க்காதீர்கள். கேபிளையும் உறையையும் சேர்த்து மாற்றுங்கள், செலவு குறைவு.

அடுத்தது ஹேங்கர். ஃபிரேமையும் ஆர்டியையும் இணைக்கும் சின்ன அலுமினியத் துண்டு. ஃபிரேம் பிழைக்க இது வளையவேண்டும் என்றே மெல்லிதாகச் செய்கிறார்கள். பட்டர்வொர்த் ஃபெரியில் சைக்கிளைச் சாத்தும்போது பக்கத்து மோட்டார் சைக்கிள் இடித்து வலப்பக்கம் விழுந்தால் போதும், கண்ணுக்குத் தெரியாமல் வளையும். சில கியர் சரியாகவும் சில கியர் தாவியும் வரும், எந்தத் திருகலுக்கும் மசியாது. நேராக்க அதற்கென்று அளவு பார்த்து வளைக்கும் கருவி இருக்கிறது; ஸ்பேனரை மாட்டி வளைப்பது வேண்டாம். காரில் படுக்கவைத்தால் எப்போதும் ஆர்டி மேலே இருக்கட்டும். ஹேங்கர் சைக்கிளுக்குச் சைக்கிள் வேறு வடிவம், உங்களுடையதில் ஒன்று உபரியாக வாங்கி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

இனி, தூக்கி நிறுத்திச் சுற்றினால் ஒழுங்காக ஓடுகிறது, தெலுக் பஹாங்கிலிருந்து பாலேக் புலாவ் ஏற்றத்தில் எழுந்து மிதித்தால் மட்டும் 'டக்'கென்று வழுக்குகிறது என்று வருகிறவர்கள். அவர்களுக்கு டியூனிங் தேவையில்லை, செயினும் காசெட்டும் தேய்ந்துவிட்டன. பள்ளி ஸ்கேலே போதும். செயினின் ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தை வைத்து 12 அங்குலம் அளந்து பாருங்கள். புதுச் செயினில் 12-இல் சரியாக ஒரு பின் நடு வந்து நிற்கும். அது ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளி நின்றால் செயினை மாற்றும் நேரம். எட்டில் ஒரு பங்கு தள்ளிப்போய்விட்டால் காசெட்டையும் சேர்த்துத் தின்றிருக்கும். அந்த நிலையில் செயினை மட்டும் மாற்றிவிட்டு, "புதுச் செயின் இன்னும் மோசமாத் தாவுது, போலி சாமான் வித்துட்டாங்க" என்று சண்டைக்கு வருகிறவர்களை எண்ணி மாளாது. செயின் புதுசு ஐயா, பல் பழசு. ரெண்டும் ஒத்துப்போகாது.

எந்தக் கியரிலும், சில சுற்றுக்கு ஒருமுறை ஒரே தாளத்தில் குதித்தால் ஒரு இணைப்பு இறுகியிருக்கிறது. பெடலை மெதுவாகப் பின்னோக்கிச் சுற்றினால் ஆர்டியின் குட்டிச் சக்கரங்களில் அது மடங்காமல் துள்ளுவது தெரியும். எண்ணெய் விட்டு விரலால் பக்கவாட்டில் ஆட்டினால் பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும்.

பெடல் மொத்தமாகக் காற்றில் மிதித்ததுபோல் போகிறதென்றால் ஃப்ரீஹப் (காசெட்டைத் தாங்கி, மிதிப்பதைச் சக்கரத்துக்குக் கடத்தும் பகுதி) பிடி விட்டுவிட்டது. அன்றைக்கு ஓட்டாதீர்கள், தள்ளிக்கொண்டே வாருங்கள். எழுந்து மிதிக்கும்போது பிடி விட்டால் முட்டியும் பல்லும்தான் போகும். லோரி ஓடும் சாலையில் அதைவிட மோசம்.

கடைக்கு வரும்போது மூன்று விஷயம் சொல்லுங்கள்: எந்தக் கியரில் தாவுகிறது, மிதித்து ஏறும்போது மட்டுமா, சமீபத்தில் சைக்கிள் விழுந்ததா. ஸ்க்ரூவைத் திருகியிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள், கொஞ்சம் முறைப்பேன், அவ்வளவுதான். அப்படியே செயினில் அப்பிய சேற்றையும் கழுவிவிட்டு வந்தால் நல்லது.