வெள்ளைக் கம்பளமும் வெள்ளிக் காசும்

வெள்ளிக் காசு ஒன்று. சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிது; எடை ஏறக்குறைய ஒன்றரை கிராம். ஒரு பக்கம் கானின், அதாவது அரசரின் பெயர், மறுபக்கம் அச்சடித்த ஊரும் ஹிஜ்ரி ஆண்டும், எல்லாம் அரபு எழுத்தில். வோல்கா நதிப் பகுதியில் இத்தகைய காசுகள் புதையல் புதையலாகக் கிடைத்திருக்கின்றன. ஹிஜ்ரி 762 என்று பொறித்தவற்றை, அதாவது கி.பி. 1360-61ஐச் சேர்ந்தவற்றை மட்டும் தனியே எடுத்து வைத்தால் கிஸ்ர், தெமூர் ஹோஜா, ஒர்து மாலிக், கில்டிபெக் என்று கான்களின் பெயர்கள் வரிசைகட்டுகின்றன. ஒரே ஆண்டில் நான்கு பேர்!

வோல்கா பகுதியை ஆண்ட மங்கோலிய அரசுதான் தாத்தாரியர்களின் தங்க நாடோடிக் கூட்டம் (Golden Horde). அதன் அரியணை ஏன் இப்படிக் கைமாறியது? அவர்களது வாரிசு முறையிலேயே விடை இருக்கிறது. செங்கிஸ் கானின் ஆண்வழியில் பிறந்தவர்தான் கானாக முடியும். அந்தக் கதவு மற்ற எவருக்கும் திறக்காது. ஆனால் உள்ளே இருப்பவர்களில் யார் முதலில் என்பதற்கு உறுதியான விதி கிடையாது. மகன், தம்பி, சித்தப்பா, அண்ணன் மகன் எல்லோருக்கும் உரிமை உண்டு. குறுல்த்தாய் என்னும் சபை கூடி ஒருவரைத் தேர்ந்தெடுக்கும். ஆட்டு ரோமத்தை அமுக்கிச் செய்த வெள்ளைக் கம்பளத்தில் அவரை உட்காரவைத்து, பிரபுக்கள் ஓரங்களைப் பிடித்து மேலே தூக்குவார்கள்.

இதை மடமை என்று நான் நினைக்கவில்லை. குதிரைமேல் வாழும் மக்களுக்குத் தொட்டில் குழந்தை தலைவனாக முடியாது. போரில் முன்னே போகிறவன் வேண்டும். ஆனால் அதற்குக் கொடுத்த விலை கொடியது. பட்டத்துக்கு வந்தவருக்கு உடன்பிறந்தவர்களே முதல் ஆபத்து. 1342இல் ஜானிபெக் தன் அண்ணன் தினிபெக்கைக் கொன்று கானானார். 1357இல் வந்த அவர் மகன் பெர்திபெக் நெருங்கிய உறவுகளை வெட்டிச் சாய்த்தார். 1359இல் அவரும் மாண்டபோது, கூட்டத்தை நிறுவிய பது கானின் கிளையே ஏறக்குறைய பட்டுப்போயிருந்தது. செங்கிஸின் மூத்த மகன் ஜோச்சியின் மற்றக் கிளைகள் உரிமை கோரிக் கிளம்பின. அடுத்த இருபது ஆண்டுகளில் இருபதுக்கும் மேற்பட்ட கான்கள்!

கம்பளத்தைத் தூக்கும் கைகளுக்கு மவுசு கூடியது இப்போதுதான். மாமாய் என்ற தளபதி பெர்திபெக்கின் மருமகன். படையும் பணமும் அவரிடம் இருந்தன, செங்கிஸின் ரத்தம் இல்லை. எனவே அப்துல்லா என்பவரைக் கானாக்கினார், காசில் அப்துல்லாவின் பெயரை அச்சிட்டார், ஆட்சியைத் தன் கையில் வைத்துக்கொண்டார். பாதி ஆசியாவை நடுங்கவைத்த தைமூர்கூட அமீர் என்ற பட்டத்தோடு நின்றார். செங்கிஸ் வம்சத்துப் பெண்ணை மணந்ததால் கிடைத்த 'மருமகன்' என்னும் பட்டத்தைப் பெருமையோடு சூடிக்கொண்டார்.

1380இல் குலிகோவோவில் மாஸ்கோவிடம் தோற்ற மாமாய் மறுபடி படை திரட்டினார். ஆனால் கிழக்கிலிருந்து வந்தவர் தோக்தமிஷ், ஜோச்சியின் நேர் வாரிசு. கல்கா நதிக்கரையில் மாமாயின் தளபதிகள் குதிரையிலிருந்து இறங்கி, தோக்தமிஷுக்கு விசுவாசம் தெரிவித்தார்கள் என்கின்றன ருஷ்ய ஆண்டுக்குறிப்புகள். மாமாய் கிரிமியாவுக்குத் தப்பி ஓடினார், அங்கே கொல்லப்பட்டார்.