சுகாரு நீரிணைக்குக் கீழே ஒரு ரயில் பாதை

ஜப்பானின் ஹொன்ஷு, ஹொக்கைடோ தீவுகளைப் பிரிக்கும் சுகாரு நீரிணை, மிகக் குறுகிய இடத்தில் சுமார் 20 கி.மீ. அகலம்தான். அதன் அடியில் செல்லும் செய்கான் ரயில் சுரங்கமோ 53.85 கி.மீ. நீளம். அதில் கடலடியில் இருப்பது 23.3 கி.மீ. மட்டுமே. மீதி 30 கி.மீ.யை நிலத்துக்குக் கீழே ஏன் தோண்டினார்கள்?

காரணம் சரிவு. தண்டவாளம் கடல் மட்டத்திலிருந்து 240 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது: மேலே 140 மீட்டர் நீர், நடுவில் 100 மீட்டர் பாறை. கனமான சரக்கு ரயிலும் ஏறி இறங்க வேண்டும் என்பதால் 1,000 மீட்டருக்கு 12 மீட்டர் சரிவுதான் வைத்தார்கள். அந்தக் கணக்கில் 240 மீட்டர் இறங்கவே 20 கி.மீ. வேண்டும். ஏற இன்னொரு 20.

அப்படியானால் பாறையை 100 மீட்டருக்குப் பதில் 30 மீட்டர் விட்டால் போதாதா? கூரை மெலிந்தால் ஒரே ஒரு விரிசல் வழியாகக் கடலே உள்ளே வந்துவிடும். ஆழம் கூடினாலோ நீரழுத்தமும் நீளமும் கூடும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் ஆழத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் கடலடிச் சுரங்கத்தின் முதல் முடிவு. செலவு, காலம் எல்லாம் அதைத் தொடர்ந்தே வருகின்றன.

240 மீட்டரில் நீரின் அழுத்தம் காற்றழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 24 மடங்கு. மலைச் சுரங்கத்தில் கசியும் நீரை வெளியே வழிந்தோடும்படி செய்யலாம். இங்கே பாதையின் நடுப்பகுதிதான் தாழ்ந்த இடம். வருவதெல்லாம் அங்கேயே தேங்கும். பம்புகள் இன்றும் ஓய்வில்லாமல் ஓடுகின்றன.

சுகாருவின் அடியில் எரிமலைப் பாறைகளும் நொறுங்கிய பிளவு மண்டலங்களும் மாறி மாறி வருகின்றன. துளையிடும் இயந்திரத்தைப் போட்டுப் பார்த்துக் கைவிட்டார்கள். பிறகு வெடி வைத்தே முன்னேறினார்கள். அதற்கும் முன்னால் நீண்ட துளைகளைக் கிடைமட்டமாகப் போட்டு, எதிரே என்ன பாறை, எவ்வளவு நீர் என்று பார்த்தார்கள். நீர் இருந்தால் சுற்றியுள்ள பாறைக்குள் சிமென்டும் சோடியம் சிலிக்கேட் கரைசலும் அழுத்திச் செலுத்தி, விரிசல்களை அடைத்து, இறுகிய வளையத்தின் நடுவே தோண்டினார்கள். வெட்டிய சுவரில் உடனே கான்கிரீட்டைப் பீய்ச்சினார்கள். முதலில் சிறிய முன்னோடிச் சுரங்கம், அடுத்து பணிச் சுரங்கம், கடைசியில்தான் ரயிலுக்கான பெரிய சுரங்கம். ஆபத்தை முதலில் சந்திப்பது சின்னக் குழாயாக இருக்கட்டும் என்ற இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. 1976இல் பணிச் சுரங்கத்தில் நிமிடத்துக்குச் சுமார் 70 டன் நீர் பாய்ந்தபோதும், அந்த இடத்தைச் சுற்றி வேறு வழி தோண்டித் தொடர முடிந்தது.

விலை பெரிது. 34 தொழிலாளர்கள் இறந்தார்கள். 1964இல் தொடங்கிய தோண்டலில் முன்னோடிச் சுரங்கம் இரு கரைகளையும் இணைக்க 1983 ஆகிவிட்டது. ரயில் ஓடியது 1988 மார்ச்சில். ஆங்கிலக் கால்வாய்ச் சுரங்கத்தில் கடலடிப் பகுதி இதைவிட நீளம், ஏறத்தாழ 38 கி.மீ. ஆனால் அங்கே கிடைத்தது மிருதுவான, நீர் எளிதில் ஊடுருவாத சுண்ணக் களிப்பாறை. இயந்திரங்கள் அதைச் சீராகக் குடைந்தன. 1987 டிசம்பரில் தொடங்கிய சேவைச் சுரங்கம் 1990 டிசம்பரிலேயே மறுகரையைத் தொட்டது. பாறை செய்யும் வித்தியாசம் அவ்வளவு.

இன்னும் நீளமாகப் போனால் வேறொரு தடை. நிலத்தில் இடையிடையே கிணறு இறக்கிப் பல முனைகளில் வேலை செய்யலாம். கடலில் இரண்டு முனைகள்தான். டோக்கியோ விரிகுடாவைக் கடக்கும் சாலைச் சுரங்கத்துக்கு நடுக்கடலில் செயற்கைத் தீவு கட்டி, அங்கிருந்தும் தோண்டினார்கள். அந்த விரிகுடா ஆழம் குறைந்தது என்பதால் அது நடந்தது.

ஜப்பானையும் கொரியாவையும் இணைக்கும் 200 கி.மீ.க்கு மேற்பட்ட சுரங்கம் பற்றிப் பல காலமாகப் பேசுகிறார்கள். வழியில் இகி, சுஷிமா தீவுகள் இருப்பதால் வேலையைத் துண்டுகளாகப் பிரிக்கலாம். அந்த வசதி உண்மையானது. சுஷிமாவுக்கும் கொரியாவுக்கும் இடையில்தான் சிக்கல். அங்கே கடல் 200 மீட்டரைத் தாண்டுகிறது. அதன்கீழ் 100 மீட்டர் பாறை விட்டால், செய்கானின் சரிவில் இறங்க மட்டும் 25 கி.மீ. வேண்டும், நீரழுத்தம் 30 மடங்கைத் தொடும். தோண்ட முடியாது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் செய்கானில் 23 கி.மீ. கடலடிக்கே ஒரு தலைமுறை உழைத்தது. விமானத்தில் ஒன்றிரண்டு மணி நேரத்தில் கடக்கும் தூரத்துக்கு அந்தச் செலவை எந்த அரசு ஏற்கும் என்பதே எனக்குப் பாறையைவிடக் கடினமான கேள்வியாகத் தெரிகிறது.