விழுமியம்

அலுவலகச் சுவர்களில் 'கோர் வேல்யூஸ்' என்று எழுதி மாட்டியிருப்பதற்குச் சரியான தமிழ், 'அடிப்படை விழுமியங்கள்'. எதை விட்டாலும் இதை விடமாட்டேன் என்று ஒருவர் பிடித்துக்கொண்டிருப்பது அது.

'வேல்யூ' என்பதன் மூலம் லத்தீன் 'வலேரே': வலுவாக இருத்தல், பெறுமானம் உடையதாக இருத்தல். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. அதைத் தமிழில் 'மதிப்பு' என்று சொல்வோர் உண்டு. மதிப்பு பிறர் தருவது, ஏறும், இறங்கும். 'மதிப்பீடு' என்றாலோ வீட்டுமனையும் தேர்வுத்தாளும் நினைவுக்கு வருகின்றன. 'அறம்' பெரிய சொல்தான், ஆனால் தனிமையை நாடுவதும் புதியதைத் தேடுவதும் சிலருக்கு விழுமியங்கள். அவற்றை அறம் என்று சொல்ல முடியாது.

விழுமியத்தில் உள்ள 'விழு' கீழே விழுவதல்ல. சிறந்த என்று பொருள். விழுப்புண், விழுப்பொருள் எல்லாம் இந்த உறவுதான். 'ஒழுக்கம் விழுப்பந் தரலான்' என்கிறது குறள் (131). தொல்காப்பியத்தில் சொற்களுக்குப் பொருள் சொல்லும் உரியியல் இன்னும் சுவையானது: 'விழுமம் சீர்மையும் சிறப்பும் இடும்பையும்'. ஒரே சொல்லுக்குச் சிறப்பும் பொருள், துன்பமும் பொருள். உங்கள் விழுமியம் எது என்று கண்டறிய இதைவிட நல்ல உரைகல் இல்லை: அதற்காக எந்த இடும்பையைத் தாங்கினீர்கள்?

செய்முறைக்கு வருவோம். உங்கள் விழுமியம் என்று மனத்தில் படும் சொற்களை முப்பது, நாற்பது வரை எழுதுங்கள். பத்தாகக் குறையுங்கள், பிறகு ஐந்தாக. பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான், காதுக்கு இனிய சொற்களே மிஞ்சும். அதனால் கடந்த மூன்று மாத வங்கிக் கணக்கையும் நாட்காட்டியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பணமும் நேரமும் போகாத சொல்லுக்கு நேரே கேள்விக்குறி போடுங்கள். எதைக் கண்டால் அடக்கமுடியாத கோபம் வருகிறது என்றும் பாருங்கள். மிதிபட்ட விழுமியம் அதற்கு அடியில் இருக்கும்.

'வீடு கட்டுவது' இலக்கு, கட்டியதும் முடிந்துபோகும். விழுமியம் முடியாது. 'குடும்பம்' என்பதும் விழுமியம் அல்ல, களம். அங்கே நீங்கள் காட்ட விரும்புவது பரிவா, பொறுப்பா என்று கேட்டுப் பாருங்கள்.

ஐந்தையும் இரண்டிரண்டாக மோதவிடுங்கள், பத்து இணை வரும். உண்மையும் பரிவும் முட்டினால் எது முன்னே? அதிக முறை வென்றது தலையில் நிற்கட்டும்.

கடைசியாக, ஒவ்வொன்றையும் வினையாக மாற்றி எழுதுங்கள். 'நேர்மை' என்று மட்டும் எழுதிவைத்தால் அது சுவரில்தான் தொங்கும். 'கணக்கில் தவறு செய்தால் அன்றைக்கே மேலாளரிடம் சொல்வேன்' என்று எழுதினால், செய்தோமா இல்லையா என்பது மாதக் கடைசியில் தெரிந்துவிடும். மூன்று மாதமாக ஒருமுறைகூடச் செய்ய மனம் வராத வரியை அடித்துவிடலாம். அது வேறு யாருடைய விழுமியமோ.